நீ இறந்த பிறகு போன கார்டுகள்

என் தங்கத் தம்பி மாணிக்கத்துக்கு,

நீ சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. நானே யோசித்து, என் பெயரிலேயே எழுதுவது இதுதான் முதல். உன் கல்லூரி இதழில் உனக்காக ஒரு மலர் போடுகிறார்கள். "கேப்டனுடைய அக்கா பி.ஏ. படித்தவர், நாலு பக்கம் எழுதித் தரவேண்டும்" என்று பிரின்சிபால் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். நீ எவ்வளவு நல்லவன் என்று எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். அதற்கு நான் எப்படிப்பட்டவள் என்பதையும் எழுதியாக வேண்டும், அதுதான் சங்கடம்.

முதலில் வீட்டுச் செய்தி. நைனா இன்னும் மாம்பலத்தில்தான் மேஸ்திரியாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். ஏரியைத் தூர்த்த இடம் முழுக்கக் கல் நட்டு மனை பிரித்துவிட்டார்கள். உங்கள் புட்பால் மைதானம் மட்டும் நடுவில் தப்பிக் கிடக்கிறது. எனக்கு மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. நான் பேசுவது கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை என்று தலைமையாசிரியை இரண்டு முறை சொல்லிவிட்டார். இப்போது மறுபடியும் கோடை. மைதானத்து ஏரிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது.

போன கோடைக்கு முந்திய கோடையில் நீயும் உன்னோடு ஆடுகிற அந்தோணியும் நைனாவின் கட்டை வண்டியில் அடையாற்று மணலும் வண்டலும் ஏற்றி வந்து, அந்த வெடிப்புகளை ஒவ்வொன்றாக அடைத்தீர்களே, நினைவிருக்கிறதா? வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் நீங்கள். ஒரு வெடிப்பில் கால் மாட்டினால் ஒரு வருஷம் போய்விடும் என்பாய். நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

"லீவு வுட்டா மத்த பசங்கோ ஊட்டுக்குப் போய்த் தூங்குது. நம்பளுது தரைக்குப் பூச்சு வேல பண்ணிக்கினு கீது."

"நீ செவுத்துக்குப் பூசற, நான் தரைக்குப் பூசறேன். ரெண்டு பேரும் மேஸ்திரிதான் நைனா" என்றாய்.

உங்கள் கல்லூரிக்குக் கோச் என்று ஒருவர் கிடையாது. டிரில் மாஸ்டர் இருந்தார். அவர் லீவு விட்டதும் ஊருக்குப் போய், திறக்கிற அன்றுதான் முகம் காட்டுவார். ஆகையால் ஏப்ரலில் இருந்து ஜூன் கடைசி வரை டீம் என்பது நீ ஒருவன்தான். பந்துக்கு விளக்கெண்ணெய் தடவுவதும், உள்ளே காற்றடைக்கிற பிளாடரை எலி கடிக்காமல் தொங்கவிடுவதும் சின்ன வேலைகள். பெரிய வேலை, ஊர் ஊராகச் சிதறிப்போன பையன்களைக் கலையாமல் பிடித்து வைத்திருப்பது. லீவில்தான் பெரிய கல்லூரிக்காரர்கள் தூண்டில் போடுவார்கள். ஹாஸ்டலில் இடம், சாப்பாடு என்று ஆசைகாட்டி ஒரு கடிதம் போதும், பையன் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

அதனால் வாரம் தவறாமல் ஆளுக்கு ஒரு கார்டு போடுவாய். உன் கையெழுத்தைத் தபால்காரரே படிக்க முடியாது என்பதால் எழுதுவது நான். முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தான். டீமில் எல்லோருக்கும் கேப்டன் கையெழுத்து என்றால் அது என் கையெழுத்து. அது அவர்களுக்குத் தெரியாது.

உன் கார்டுகளில் என்ன இருக்கும்? பாலக்காட்டில் இருந்த சென்டர் பார்வர்டுக்கு, "பலாப்பழம் தின்று வயிறு வளர்க்காதே, வளர்த்தால் எனக்கும் ஒன்று கொண்டு வா" என்பாய். வேலூர்ப் பையன்கள் இருவருக்கும், "காலையில் ஓடுங்கள், ஓடவில்லை என்றால் ஓடினதாகவாவது எழுதுங்கள்" என்பாய். நீ யாரையும் அதட்டி நான் எழுதியதில்லை.

சிங்காரத்துக்கு எழுதும்போது மட்டும் கார்டு போதாது. கடலூர்ச் சிங்காரவேலு, உன் லெப்ட் அவுட், உன் உயிர்ச் சிநேகிதன். அவன் ஒருநாள் நம் வீட்டுக்கு வந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, மாடத்தில் இருந்த என் தர்க்கப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"என்னடா இது, செங்கல் மாதிரி இருக்கு? உங்க அக்காவை எவன்டா கட்டிப்பான்? மாப்பிள்ளை எழுந்து நின்னு, குட் மார்னிங் மிஸ்னு சொல்லணும்போல."

நீ சிரித்தாய். மோர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தாய். இரண்டு பேருமே அதை அப்போதே மறந்திருப்பீர்கள். பி.ஏ. வரைக்கும் படித்த முதல் ஆள் நம் குடும்பத்தில் நான்தான். வாசலில் போகிறவர்கள் எல்லாம் கேட்ட கேள்வியை அவன் வேடிக்கையாகக் கேட்டான், அவ்வளவுதான். ஆனால் நான் மறக்கவில்லை, மாணிக்கம்.

போன வருஷம் மே மாதத்தில் உனக்கு ஜுரம் வந்தது. டைபாய்டு என்றார் டாக்டர். முதல் வாரம் பேசிக்கொண்டுதான் இருந்தாய், கார்டுகளும் சொன்னாய். அந்த வாரத்தில் ஒருநாள், "சிங்காரத்துக்கு மட்டும் எழுதாதக்கா" என்றாய்.

"ஏன்?"

"அந்த அடிபட்ட முட்டியோட அவன் இந்த வருஷம் ஆடினா கால் போயிடும். டீம்லேர்ந்து எடுக்கணும். அதைக் கடுதாசியில சொல்லக் கூடாது. எழுந்ததும் நானே கடலூர் போறேன். அவன் அழுவான். அப்போ நான் பக்கத்துல இருக்கணும்."

நீ எழுந்திருக்கவில்லை. இருபத்தோராம் நாள் போய்விட்டாய்.

பால் தெளித்த மறுநாள் அந்தோணி வந்தான். உன்னை விட்டால் டீமில் சென்னைப் பட்டணத்துக்காரன் அவன் ஒருவன்தான். சாந்தோம் கடற்கரைக் குப்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பையன், உன் கோல்கீப்பர். உன் பாடையைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன். என்னோடு அதுவரை பேசியதில்லை. அன்று வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அக்கா, பெரிய காலேஜ்காரனுங்கோ நம்ம பசங்கோ மூணு பேருக்குக் கடுதாசி போட்டுக்கினு கீறானுங்கோ. கேப்டன் பூட்டான்னு தெரிஞ்சா அல்லாரும் டி.சி. வாங்கிக்கினு பூடுவானுங்கோ. பிரின்சிபாலும் ஊட்டிக்குப் போய்க் கீறாரு. ஒர்த்தருக்கும் தெரியாது."

"நான் என்ன பண்றது, அந்தோணி?"

"ஒண்ணும் பண்ண வாணாம். எப்பவும் போல எய்துங்கோ. காலேஜ் தொறக்கற வரிக்கும் அவன் உசுரோட இருந்துட்டுப் போவட்டும்."

அவன் அதை உன்மேல் இருந்த ஆசையால் சொன்னான். நான் ஒப்புக்கொண்டதும் அதனால்தான். முதல் நாள் அப்படித்தான் இருந்தது.

காரியம் முடியாத வீட்டில் உட்கார்ந்து உன் பெயரில் கார்டு எழுதினேன். பலாப்பழ வேடிக்கையை எழுத எனக்குக் கை வரவில்லை. உன் சிரிப்பு உன்னோடு போயிற்று. எனக்கு வந்தது வேறு. "தினம் ஐந்து மைல் ஓடு. ஓடாதவன் மைதானத்துக்குள் வரவேண்டாம்." "போன வருஷம் கோல் வாசலில் நின்று இரண்டு பந்தைக் கோட்டைவிட்டாய். அதை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே." "தோற்றால் என் முகத்தில் விழிக்காதே." எழுத எழுத எனக்கு நன்றாக இருந்தது. தெருவில் ஆண்பிள்ளை எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்குகிற நான், ஏழு ஜில்லாவில் உள்ள ஆண்பிள்ளைகளைக் காலையில் எழுப்பி ஓடவைத்தேன்.

அவர்கள் ஓடினார்கள். உனக்கு எழுதியதைவிட ஒழுங்காகப் பதில் எழுதினார்கள். ஒருவனும் டி.சி. வாங்கவில்லை. பயந்தார்கள், மாணிக்கம். உன்னைப் பார்த்துப் பயப்படவைத்தேன்.

அவர்கள் பதில்கள் வந்து இறங்கும்போது அம்மா கேட்பாள், "யாரும்மா எழுதியிருக்கா?" அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. துக்கம் விசாரித்து எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். வாசித்துக் காட்டச் சொல்வாள். இடது காலால் தினம் ஐம்பது முறை உதைக்கிறேன் என்று எழுதியிருந்த கார்டைப் பிடித்துக்கொண்டு, "தங்கள் மகனைப் போல ஒருவனை இனிப் பார்க்க மாட்டோம்" என்று வாசிப்பேன். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். இருபது முப்பது சேர்ந்துவிட்டன.

அதற்கு நடுவில்தான் சிங்காரத்தின் கார்டு வந்தது. நீ அவனுக்கு மட்டும் எழுதாமல் விட்டதில் அவன் தவித்துப் போயிருந்தான். முட்டி சரியாகிவிட்டது, தென்பெண்ணை ஆற்று மணலில் தினமும் ஓடுகிறேன், லெப்ட் பக்கத்தை எனக்காக வை என்று எழுதியிருந்தான். கடைசியில் ஒரு வரி: "அக்கா பாஸாகிவிட்டார்களா? என் நமஸ்காரத்தைச் சொல்."

அந்த வரியைப் படித்த பிறகும் எழுதினேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அவன் எழுதியதற்கு ஒரு சொல்லில்கூடப் பதில் இல்லாமல் எழுதினேன். "நொண்டியை வைத்துக்கொண்டு நான் மேட்ச் ஆட முடியாது. உனக்கு இடமில்லை. போன வருஷமே சொல்லியிருப்பேன், உன் அழுமூஞ்சியைப் பார்த்து விட்டுவிட்டேன். இனி எனக்கு எழுதாதே. மாணிக்கம்."

அவன் அழுவான், பக்கத்தில் இருக்கவேண்டும் என்று நீ சொன்னதை எடுத்தேன், அதையே அவன்மேல் எறிந்தேன். நீ அவனை எடுக்கத்தான் நினைத்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கார்டில் இரண்டு பேரைத் தண்டித்தேன். சிரித்தவர்கள் இருவர் அல்லவா?

ஜூன் கடைசியில் கல்லூரி திறந்தது. முதல் நாள் காலைக் கூட்டத்தில் பிரின்சிபால் உன் மரணத்தைச் சொன்னார். போன வாரம் கேப்டனிடமிருந்து கார்டு வந்த பையன்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார். அன்று மாலையே பிரின்சிபாலும் டீமும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கட்டுக் கார்டு கையில். நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைக் கூப்பிட்டார். அந்தோணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"படுக்கையில் இருந்தபோதே எல்லாக் கார்டும் சொல்லி எழுதி வைத்துவிட்டான். நாள் பார்த்து நான் தபாலில் போட்டேன்."

என் வாழ்நாளில் அத்தனை ஆண்கள் முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியது பொய். வேலூர்ப் பையன்களில் சின்னவன் விம்மி அழுதான். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒருவரும் தேதியைச் சரிபார்க்கவில்லை. அதைப் பொய் என்று நினைக்க அங்கே யாருக்கும் மனம் இல்லை.

சிங்காரம் வாசல் படிக்குக் கீழே நின்றிருந்தான். மேலே ஏறி வந்தபோது வலது காலைத் தாங்கித்தான் நடந்தான். முட்டி சரியாகிவிட்டது என்று அவன் எழுதியதும் பொய்தான். ஒரே ஒரு கார்டு வைத்திருந்தான்.

"எனக்கு வந்ததும் அவன் சொன்னதுதானா?"

"ஆமாம்."

"எல்லாமே? ஒவ்வொரு வார்த்தையும்?"

"எல்லாமே."

அவன் கார்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டான். போய்விட்டான். ஒரு "இல்லை" சொல்லியிருந்தால் மற்றதெல்லாம் சரிந்திருக்கும், டீம் கலைந்திருக்கும் என்று பிறகு பல நாள் எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் என் மனசில் இருந்தது அதில்லை. இப்போது வலிக்கிறதா என்று இருந்தது.

அந்த வருஷம் உன் டீம் கோப்பை வாங்கியது. உன் காலத்தில் முதல் சுற்றையே தாண்டாதவர்கள். அது ஒன்றுதான் என் வாயை அடைத்தது. தோற்றிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். கல்லூரி ஹாலில் உன் படம் மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழே ஒரு கார்டைக் கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள்: "தோற்றால் என் முகத்தில் விழிக்காதே." புதிதாகச் சேரும் பையன்கள் அதைப் படித்துவிட்டு உன் படத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள். பலாப்பழம் கேட்ட உன்னை அங்கே யாருக்கும் தெரியாது.

சிங்காரம் வேறு கல்லூரிக்குப் போகவில்லை. பீஸ் கட்டினான், வகுப்புக்கு வந்தான். ஒவ்வொரு மேட்சுக்கும் வந்து கயிற்றுக்கு வெளியே நின்றான். கோப்பை வாங்கிய அன்று நானும் அம்மாவும் போயிருந்தோம். அவன் இடத்தில் ஆடிய பையன் கோல் போட்டபோது அவன் கை தட்டியதைப் பார்த்தேன். மற்றவர்கள் கேப்டன் பெயரைச் சொல்லிக் கூவியபோது அவன் வாய் திறக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு ஒருநாள் அந்தோணி வந்து கேட்டான். "சிங்காரத்துக்கு இன்னா எய்தினீங்கோ? கேட்டா சொல்ல மாட்டேன்றான். கேப்டன் பேர எடுத்தாலே ஏந்து பூடறான்."

சொன்னேன். வார்த்தை விடாமல் சொன்னேன்.

"அவனைக் கொன்னு போட்டிருக்கலாம்க்கா. அதுலகூட ஒரு நாயம் கீது. இப்ப அவனுக்குச் சிநேகிதனும் இல்ல, செத்துப்போன சிநேகிதனும் இல்ல."

அதற்கப்புறம் அந்தோணி நம் வீட்டுப் படி ஏறவில்லை. இப்போது அவன்தான் கேப்டன். அவன் ஒருவருக்கும் கார்டு போடுவதில்லையாம். ரயிலேறி ஒவ்வொரு பையன் ஊருக்கும் தானே போகிறான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறான். போன கோடையில் நாங்கள் இரண்டு பேர் செய்த வேலையைப் பார்த்துவிட்டு, அவன் அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான்.

பரீட்சை முடிந்துவிட்டது. சிங்காரத்துக்கு ரங்கூனில் குமாஸ்தா வேலை கிடைத்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை கப்பல். இந்த மலர் அச்சாகி வருவதற்குள் அவன் கடலில் இருப்பான். இதை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, அவன் என்றைக்காவது படிப்பான் என்று இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். என் புத்தி எப்போதும் அந்தத் திக்கில்தான் போகிறது: எழுதிப் போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வது.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சிங்காரம் இருப்பது மயிலாப்பூர்க் குளத்துப் பக்கம், ஆண்கள் மட்டும் தங்குகிற இடம்; அங்கே நான் தனியாகப் போக முடியாது. அம்மாவைக் கூட்டிப் போக வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். கார்டுகளைப் பற்றியும் சொன்னேன். அம்மா சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு அந்தக் கட்டை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்போ என் புள்ளைக்குன்னு ஒருத்தன்கூட ரெண்டு வரி எழுதலையா?" என்று கேட்டாள்.

அவர்களுக்கு நீ உயிரோடு இருந்தாயே, எப்படி எழுதுவார்கள்?

அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பிரின்சிபால் இதை அச்சில் போடுவாரா என்று தெரியாது. படத்தையும் கார்டையும் சுவரிலிருந்து இறக்க வேண்டி வரும் என்பதால் போடாமலும் இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் என்னை வைத்திருப்பார்களா என்பதும் தெரியாது. அது எல்லாம் பிறகு.

உனக்கு ஒன்று சொல்கிறேன், மாணிக்கம். நாளைக் காலை சிங்காரம் முன்னால் போய் நிற்பேன். இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ள மாட்டேன். நீ படுக்கையில் சொன்னதை, நீ சொன்ன வரிசையிலேயே, வாயால் சொல்வேன். அவன் கதவைச் சாத்தினால் கதவுக்கு வெளியே நின்று சொல்வேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதைக் கொடுக்கிற பாரத்தையும் அவன்மேல் ஏற்ற வேண்டாம். அந்தக் கார்டைக் கேட்டு வாங்கி, அடியில் இருக்கும் உன் பெயரை அடித்துவிட்டு, அங்கே என் பெயரை எழுதித் திருப்பிக் கொடுப்பேன். ரங்கூனுக்கு அவன் அதைக் கொண்டுபோகட்டும். வெறுப்பதற்குச் சரியான ஆளாவது அவனுக்குக் கிடைக்கட்டும்.

உன் பெயரைக் கடன் வாங்கிக் கெடுத்தவள்,
உன்னோடு கூடப் பிறந்தவள்,
உன் அக்கா
தனலட்சுமி